திண்ணை கூந்தன்குளம் போகிறது!

முதலிலேயே ஒரு உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பி.காம் படித்தவன். காக்கா, குருவி, கோழி... இந்த மூன்றையும் தாண்டி மற்றதெல்லாம் எனக்கு 'இதர இனங்கள்' கணக்குதான்! அப்படிப்பட்டவன் பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியற்காலை மூன்றரை மணிக்கு, மதுரை மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ்ஸைப் பிடித்து உட்கார்ந்தேன் என்றால், அதற்குக் காரணம் 'திண்ணை'.

திண்ணை என்பது போனில் நாங்கள் வைத்திருக்கும் அரட்டைக் கூட்டத்தின் பெயர். மொத்தம் பதினோரு பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. யாரோ யாரையோ சேர்த்து, அவர் இன்னொருவரைச் சேர்த்து, அப்படியே மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டதிட்டம் ரொம்ப எளிது. அரசியல் கூடாது. ரோஜாப்பூ படத்தோடு 'குட்மார்னிங்' கூடாது. அவரவர் வீட்டில் பூத்தது, காய்த்தது, சமைத்தது, சேர்த்து வைத்தது, ஜன்னல் வழியாகப் பார்த்தது... இவற்றைப் பற்றி மட்டும் பேசலாம். காலையில் ஒருத்தர் "எங்க வீட்டுக் கத்தரியில மாவுப்பூச்சி" என்று ஆரம்பித்தால், ராத்திரி பத்து மணிக்குள் வேப்பெண்ணெய் கரைசலில் தொடங்கி எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வரை போய் நிற்கும்.

பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் கிடையாது. தூத்துக்குடியில் ஒரு ரிட்டயர்ட் வங்கி மேனேஜர், முப்பது வருஷமாக பைனாகுலரும் கையுமாக அலைகிறவர். அவர் 'பேங்க் சார்'. பாளையங்கோட்டையில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை 'டீச்சரம்மா'. கோவில்பட்டியில் ஸ்டாம்ப் சேர்க்கிறவர் 'தபால் அண்ணாச்சி'. காலேஜில் படித்துக்கொண்டே கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிகிற பையன் 'நாகர்கோவில் பொடியன்'.

என் பெயர் 'வேப்பமரத் தம்பி'.

காரணம், எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வேப்பமரம். என் அப்பா வைத்தது. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது என் உயரம் இருந்தது. இப்போது மொட்டைமாடியைத் தாண்டி நிற்கிறது. இரண்டு வருஷமாக அதில் விடியற்காலையானால் பறவைகள் வந்து அடைய ஆரம்பித்தன. கொக்கு மாதிரி இருக்கிறதே என்று படம் எடுத்துத் திண்ணையில் போட்டேன். "தம்பி, அது வக்கா. ராத்திரியில மீன் பிடிக்கிற கொக்கு இனம். 'வக், வக்'னு கத்துறதால அந்தப் பெயர்" என்று பேங்க் சார் சொல்ல, அன்றிலிருந்து தினமும் காலையில் மரத்தை ஒரு படம் எடுத்துப் போடுவது என் வேலையாகிவிட்டது. "ஆஹா, என்ன கொடுப்பினை!" என்பார் டீச்சரம்மா. "உங்க வீட்டுல வாடகை இல்லாம குடித்தனம்!" என்பார் அண்ணாச்சி. எனக்கும் உள்ளூரப் பெருமை. ஆபீஸில் யாரும் என்னை இப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதில்லை பாருங்கள்!

ஆனால், திண்ணைக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது.

போன தீபாவளிக்கு நான் கார் வாங்கினேன். தவணையில்தான். வெள்ளைக் கார். அதை நிறுத்த எங்கள் வாசலை விட்டால் வேறு இடமில்லை. தினமும் காலையில் அதைப் பார்த்தால் வயிறு எரியும். யாரோ சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்தது மாதிரி பானெட் முழுக்க எச்சம். கழுவுவேன். மறுநாள் மறுபடியும். எதிர் வீட்டுக்காரர் வேறு, "சார், நாத்தம் தாங்கல. மரத்தை ஒரு வழி பண்ணுங்க" என்று மாதம் ஒரு முறை தவறாமல் வாசலில் வந்து நிற்பார். கடைசியில் ஒருநாள் கோபத்தில் மரம் அறுக்கிற ஆளைக் கூட்டிவந்து பேசி முடித்துவிட்டேன். மொத்தம் ஆறாயிரம். அட்வான்ஸ் ஆயிரம். தேதி, திங்கட்கிழமை காலை.

வீட்டில் சொன்னபோது மனைவி, "உங்க மரம், உங்க கார்... நடுவுல நான் எதுக்கு?" என்று ஒதுங்கிக்கொண்டாள். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் திண்ணையில் பேங்க் சார் அறிவித்தார். "ஞாயிற்றுக்கிழமை கூந்தன்குளம் போறோம். முகத்தைக் காட்ட இஷ்டமுள்ளவங்க வரலாம்." மறுநாள் மரம் விழப் போகிறது, முதல் நாள் பறவைச் சரணாலயத்துக்கு உல்லாசப் பயணம். வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. என் மனைவியின் கவலை வேறு மாதிரி. "முன்னபின்ன பார்க்காத ஆளுங்களோட போறீங்க. கிட்னியைக் கழட்டிக்கிட்டு அனுப்பிடப் போறாங்க. எதுக்கும் போனை ஆன்லயே வைங்க!"

*

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்ட் இருப்பது வேய்ந்தான்குளத்தில். குளத்தில் ஆரம்பித்துக் குளத்தில் முடிகிற பயணம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. டீக்கடை ஓரமாக நான்கு பேர் நின்றிருந்தார்கள். பைனாகுலர் தொங்கியதால் பேங்க் சாரைக் கண்டுபிடித்தேன். கேமராவால் பொடியன். கூடையால் டீச்சரம்மா. மிச்சமிருந்தவர் அண்ணாச்சி. ஒரு நிமிஷம் எல்லோருக்கும் பேச்சு வரவில்லை. தினமும் ஐம்பது தடவை பேசிக்கொள்கிற ஜனங்கள், நேரில் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த மாதிரி விழித்தோம்.

"தம்பி, வேப்பமரம் எப்படி இருக்கு?" என்றார் டீச்சரம்மா.

குழந்தை குட்டி சௌக்கியமா என்று கேட்கிற தொனியில் கேட்டார். "நல்லா இருக்கும்மா" என்றேன். பொய்யில்லையே! திங்கட்கிழமை வரைக்கும் நன்றாகத்தானே இருக்கும்?

வேனில் ஏறியதும் கூச்சம் போய்விட்டது. அண்ணாச்சி கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். "சும்மா மிட்டாய்னு நினைக்காதீங்க. 2020-ல புவிசார் குறியீடு வாங்கின மிட்டாய்!" என்று முன்னுரை வேறு. டீச்சரம்மா கூடையிலிருந்து வாழையிலையில் மடித்த எள்ளுப்பொடி இட்லி வந்தது. பாளையங்கோட்டையைத் தாண்டி மூலைக்கரைப்பட்டி வழியாக வேன் போனது. இருபக்கமும் பனைமரங்கள், நடுநடுவே பச்சை வயல்கள், ஆங்காங்கே குளங்கள். மொத்தம் ஒரு மணி நேரப் பாதைதான். அதற்குள் மண்புழு உரம், சாம்பார் வெங்காயம், பழைய நாணயத்தைப் புளி போட்டு விளக்கலாமா கூடாதா (கூடவே கூடாதாம், மதிப்பே போய்விடுமாம்) என்று எல்லாவற்றையும் அலசி முடித்தாயிற்று.

கூந்தன்குளம் நாங்குநேரி தாலுகாவில் இருக்கிறது. 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு குளங்களும் சேர்ந்ததுதான் சரணாலயம். சுமார் 129 ஹெக்டேர். மணிமுத்தாறு அணையின் தண்ணீர் கால்வாய் வழியாக இங்கே வந்து சேருகிறது. அணைத் தண்ணீரும் மழையும் கைகொடுத்தால் குளம் நிரம்பும். குளம் நிரம்பினால் மீன் பெருகும். மீன் பெருகினால் நாரை வரும். சுருக்கமாகச் சொன்னால் இதுதான் அந்த ஊரின் வரவு செலவு.

1994 என்றதும் அண்ணாச்சிக்கு உற்சாகம் பீறிட்டுவிட்டது. "அதே வருஷம் நம்ம தபால் துறை நீர்ப்பறவைகள்னு நாலு ஸ்டாம்ப் போட்டாங்க. போட்ட வேகத்துல வாபஸ் வாங்கிட்டாங்க. ஏன் தெரியுமா? மை தண்ணியில கரைஞ்சுபோச்சு!"

"நீர்ப்பறவை ஸ்டாம்ப் தண்ணியில கரைஞ்சுதா?" என்றான் பொடியன்.

"ஆமா! அதனாலதான் அது கிடைக்கிறது குதிரைக்கொம்பு."

*

கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறினோம். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர், தண்ணீர் நடுவில் கருவேல மரங்கள், மரங்களில் யாரோ வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி ஏதோ. பேங்க் சார் பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். துணிகளுக்கெல்லாம் உயிர் வந்தது!

மஞ்சள் மூக்கு நாரை. நீளமான மஞ்சள் அலகு, இறக்கையின் கடைசியில் யாரோ ரோஸ் பவுடரை அப்பிவிட்ட மாதிரி நிறம். கூழைக்கடா. அலகுக்குக் கீழே ரேஷன் பை மாதிரி ஒரு பை. கரண்டிவாயன். பெயரே விளக்கம். அரிவாள் மூக்கன். அதுவும் அப்படியே. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் எந்தக் காலேஜிலும் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் பார்க்கத் தெரிந்தவர்கள்.

"அங்க பாருங்க, புல்லுமேட்டுல..." பேங்க் சாரின் குரல் தாழ்ந்தது. சாம்பல் நிறத்தில் வாத்துக் கூட்டம். வெள்ளைத் தலை. பின்மண்டையில் குறுக்கே இரண்டு கறுப்புக் கோடு. கணக்கு நோட்டில் டோட்டல் போட்டுக் கீழே இரட்டைக் கோடு இழுப்போமே, அச்சாக அதுபோல!

"வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிச்சிட்டு, குளிருக்கு இங்க வருது. நடுவுல இமயமலை இருக்கே... அதைத் தாண்டித்தான் வரணும். ஏழாயிரம் மீட்டருக்கு மேல பறந்ததைக் கருவி கட்டி அளந்திருக்காங்க. அந்த உசரத்துல மனுஷனுக்கு நாலு அடி நடந்தா மூச்சு வாங்கும்."

நான் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்ததற்கே இடுப்பு வலி என்று வேனில் அனத்தியது நினைவுக்கு வந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

பேங்க் சார் ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்தத் தேதியில் எந்தக் குளத்தில் எந்தப் பறவை எத்தனை என்று குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருந்தது. "என்ன சார், இதிலயும் லெட்ஜரா?" என்றேன். சிரித்தார். "முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவங்க பணத்தை எண்ணினேன். அந்தக் கணக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. இது ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு தம்பி." அவர் மனைவி இறந்த வருஷம் மட்டும் அந்த நோட்டில் பத்துப் பக்கம் காலியாக இருந்தது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வருஷம் தினமும் பேசியும் தெரியாத விஷயம், தோளோடு தோள் உரசி நின்ற பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

*

குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நான் நினைத்தேன். "ஊருக்குள்ள போகாம கூந்தன்குளம் பார்த்தேன்னு சொல்லக்கூடாது" என்றார் டீச்சரம்மா.

உள்ளே போனால்... எங்கே பார்த்தாலும் நாரை! கூரை மேலே தலைநீட்டும் வேம்பில், புளியமரத்தில், தெருவோரப் பூவரசில். மரத்துக்குக் கீழே ஆடு கட்டியிருக்கிறது, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், ஒரு பெரியவர் கயிற்றுக் கட்டிலில் தினசரி படிக்கிறார். மேலே பத்தடி உயரத்தில் நாரைக் குடும்பங்கள் தங்கள் பாட்டுக்குக் குடித்தனம் நடத்துகின்றன. பெரிய நாரைகள் சத்தமே போடுவதில்லை. அலகைத் தட்டி 'டக் டக்' என்று ஒலி எழுப்புவதோடு சரி. கத்துவதெல்லாம் குஞ்சுகள்தான். பசிக்குதே பசிக்குதே என்று ஓயாமல் ஒரு இரைச்சல். எல்.கே.ஜி விட்ட நேரம் மாதிரி இருந்தது.

நாற்றத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மீன் மார்க்கெட்டைத் தூக்கி மரத்து மேலே வைத்த மாதிரி. பொடியன் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தான். அவன் தோளில் சொத்தென்று ஒன்று விழுந்தது. "அண்ணே, என்னை ஆசீர்வாதம் பண்ணிட்டு!" என்றான்.

ஒரு வீட்டு முற்றத்தில் ஆச்சி ஒருவர் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். முற்றத்தில் ஒரு வேப்பமரம். எங்கள் வீட்டு மரத்தின் வயதுதான் இருக்கும். அதில் ஏழு கூடுகள். நான் எண்ணினேன். மரத்தடி முழுக்க வெள்ளை. கிணற்றின் மேல் தகர மூடி போட்டிருந்தது. வாசலுக்கு மேலே ஓலைத் தட்டி இறக்கி, வீட்டுக்குள் போகிற பாதைக்கு மட்டும் குடை பிடித்த மாதிரி செய்திருந்தார்கள்.

"எங்கயிருந்து வாரிய? உக்காருங்க. அந்தப் பக்கம் வேண்டாம்யா, இங்கன உக்காருங்க. அது பேயுற இடம்" என்றார் ஆச்சி.

"தொந்தரவா இல்லையா ஆச்சி?" என்று கேட்டேன். என் கேள்வி எனக்காகத்தான்.

"தொந்தரவு இல்லாம என்ன? காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தண்ணி தெளிச்சுக் கூட்டணும். துணி காயப்போட முடியாது, பின்னாலதான் கொடி கட்டியிருக்கு. வடகம், வத்தல் போட முடியாது. மக வீட்டுல போட்டு எடுத்துட்டு வருவா."

"அப்புறம் ஏன்...?"

ஆச்சி கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பொம்பளப் பிள்ள பிரசவத்துக்கு வந்திருக்கு. வந்த பிள்ளைய அழுக்குப் பண்ணுதேன்னு தொரத்தவா செய்வோம்? பெத்துட்டு, வளத்துட்டு, தானா போயிரும். போனப்புறம் மரம் வெறிச்சுன்னு கெடக்கும். அப்பதான் பாக்கச் சகிக்காது."

கூடு தவறிக் கீழே விழுகிற குஞ்சுகளை ஊர்க்காரர்கள் எடுத்து மீன் கொடுத்துக் காப்பாற்றுவார்களாம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த ஊர்க் குழந்தைகளுக்குத் தீபாவளி என்றால் புதுத் துணியும் பலகாரமும்தான். பறவை நிறைய வந்தால் அந்த வருஷம் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. எச்சம் விழுந்து ஊறிய குளத்து வண்டலை அள்ளி வயலுக்குப் போடுகிறார்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் இருக்கிறது. வெறும் பாசம் மட்டுமில்லை, பைசா கணக்கும் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல். ஆனால் நஷ்டக் கணக்கும் உண்டு. பக்கத்து மனையில் ஒரு புளியமரம் பட்டுப்போய் நின்றது. எச்சம் அளவுக்கு மீறி விழுந்தால் மரமே காய்ந்துவிடுமாம். "இன்னொரு கன்னு வச்சிருக்கோம். அது வளரட்டும்" என்றார் ஆச்சி, ரொம்பச் சாதாரணமாக.

இந்த ஊர் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற செய்தி 2022 ஆகஸ்டில் வந்தது. ஈரான் நாட்டில் ராம்சார் என்ற ஊரில் 1971-ல் சதுப்பு நிலங்களைக் காப்பதற்காக நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தம் அது. உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலை என்று அர்த்தம். ஆச்சியிடம் பொடியன் இதை விளக்க முயன்றான். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "சரிய்யா, காப்பி குடிக்கியளா?" என்றார்.

*

மதியம் குளத்தங்கரையில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். டீச்சரம்மாவின் புளியோதரை. எதிரே ஒரு கூட்டில் தாய் நாரை இரண்டு இறக்கையையும் விரித்து, குஞ்சுகளுக்கு வெயில் படாமல் அசையாமல் நின்றது. அதன் முதுகு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நாரை தன் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளத் தன் காலிலேயே எச்சமிட்டுக்கொள்ளும் என்றார் பேங்க் சார். அது காயும்போது உடம்பு குளிருமாம். நம் வீட்டு மண்பானைத் தத்துவம்தான்.

"நம்ம வேப்பமரத் தம்பி வீட்டுலயும் இப்ப கூடு கட்டியிருக்குமே! வக்காவுக்கு இதுதானே சீசன்?" என்று டீச்சரம்மா கேட்டார்.

எனக்குப் புளியோதரை தொண்டையில் நின்றுவிட்டது.

சொல்லிவிட்டேன். கார், எச்சம், எதிர் வீட்டுக்காரர், ஆயிரம் ரூபாய், நாளைக் காலை... எல்லாவற்றையும். கூடு இருக்கிறது, நேற்றுக்கூட ஒன்று குச்சி கொண்டுபோனதைப் பார்த்தேன் என்பதையும் சேர்த்து. சொல்லி முடித்துவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி திண்ணையில் என் பெயர் என்னவாக இருக்கும் என்று யோசனை.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து பேங்க் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். லோன் கேட்டு வந்தவரிடம் பேசுகிற பக்குவத்தில் ஆரம்பித்தார்.

"தம்பி, ஒரு விஷயம் தெரிஞ்சுக்குங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 'வேட்டை'ங்கிற வார்த்தைக்கு விளக்கம் இருக்கு. சுடுறது மட்டும் இல்ல. காட்டுப் பறவையோட முட்டையை, கூட்டைக் கலைக்கிறதும் அதுல அடக்கம். நாளைக்கு நீங்க கூட்டோட மரத்தைச் சாய்ச்சா, சட்டப்படி அது வேட்டை."

வேட்டையா? நானா? கரப்பான்பூச்சிக்கே மனைவியைக் கூப்பிடுகிறவன் சார் நான்!

"சட்டம் கிடக்கட்டும்" என்றார் டீச்சரம்மா. "தினமும் அந்த எச்சத்தைக் கழுவிச் சாக்கடையில விடுறீங்களே தம்பி, எனக்கு அதைக் கேட்கத்தான் வயித்தெரிச்சல். தண்ணி தெளிச்சு நனைச்சுட்டுச் சுரண்டுங்க. காய்ஞ்சதைக் கூட்டினா தூசி மூக்குல ஏறும், அது நல்லதில்ல. மூக்கைக் கட்டிக்குங்க. சருகோட சேர்த்துத் தொட்டியில போட்டு நல்லா மக்க விடுங்க. பச்சையா செடிக்குப் போடாதீங்க, வேர் கருகிடும். மக்கினப்புறம் எனக்கு ஒரு சாக்கு அனுப்புங்க. கொரியர் காசு நான் தரேன்!"

"காருக்கு ஒரு தார்ப்பாய் கூடாரம் போட்டா போச்சு அண்ணே. நான் டிசைன் போட்டுத் தாரேன்" என்றான் பொடியன்.

"எதிர் வீட்டுக்காரருக்கு?" என்றேன்.

"கடலைமிட்டாய்" என்றார் அண்ணாச்சி. "நான் தாரேன். மாசம் ஒரு தரம் புகார் வந்தா, மாசம் ஒரு பொட்டலம்."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மூன்று வருஷமாக நான் இயற்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த ஆச்சி ஒரு வார்த்தை பேசாமல் காலையும் மாலையும் கூட்டிக்கொண்டிருந்தார். மரத்தைப் படம் பிடிக்கப் போன் போதும். மரத்தோடு குடித்தனம் நடத்தத் துடைப்பம் வேண்டும். என்னிடம் இல்லாதது அதுதான்.

எழுந்து சற்றுத் தள்ளிப் போய் மரம் அறுக்கிறவருக்குப் போன் போட்டேன். "வேண்டாம்ப்பா" என்றேன். "அட்வான்ஸ் செலவாயிருச்சே சார்..." என்று இழுத்தார். எதிர்பார்த்ததுதான். "பரவாயில்ல, வெச்சுக்க. கூடெல்லாம் காலியானப்புறம் கரண்ட் கம்பியில சாயுற ஒரு கிளையை மட்டும் வெட்டித் தா" என்றேன். "பிள்ளைக பறந்தப்புறம் வரேன் சார்" என்றார் அவர். பிள்ளைகள் என்று அவர் தானாகத்தான் சொன்னார்.

*

நீங்களும் போவதென்றால் சில குறிப்புகள். வரித்தலை வாத்தைப் பார்க்க டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். கூடும் குஞ்சுமாகப் பார்க்க ஜனவரி தொடங்கி கோடை வரை நேரம் இருக்கிறது. மழை பொய்த்த வருஷத்தில் குளம் வற்றிக் கிடக்கும். விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. காலை ஒன்பது மணிக்குள்ளோ, மாலை நாலு மணிக்கு மேலோ போனால் வெயிலுக்கும் தப்பலாம், பறவையும் நிறையத் தெரியும். தொப்பி அவசியம், இரண்டு காரணங்களுக்காக! பளிச்சென்ற கலரில் சட்டை வேண்டாம். சத்தம் வேண்டாம். கூட்டுக்குக் கீழே நின்று கை தட்டிப் பறவையைப் பறக்க வைத்து செல்ஃபி எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். அது அவர்கள் வீடு. ஊர்க்காரர்களுக்கும் வீடு, நாரைக்கும் வீடு.

*

ராத்திரி பத்தரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். "கிட்னி இருக்கா?" என்று கேட்டுக் கதவைத் திறந்தாள் மனைவி. விஷயத்தைச் சொன்னேன். அவள் அதிகம் பேசவில்லை. மறுநாள் காலை வாசலுக்கு வந்தபோது ஒரு புதுத் தென்னந்துடைப்பம் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சாயங்காலம் அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எச்சம் பேயுகிற இடத்தைத் தவிர்த்து, கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். மரத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் ரூ.1,000. எந்தத் தலைப்பில் எழுதுவது? மரம் வெட்டவில்லை, அதனால் அந்தச் செலவு இல்லை. திரும்பி வராது, அதனால் கடனும் இல்லை. காமர்ஸ் படித்த எனக்கே குழப்பம். திண்ணையில் கேட்டேன். 'நன்கொடை' என்றார் அண்ணாச்சி. 'வாராக்கடன்' என்றார் பேங்க் சார், பழைய பழக்கத்தில்.

ராத்திரி ஒன்பதரைக்கு டீச்சரம்மாவின் பதில் வந்தது. அதையே எழுதி, கீழே வரித்தலை வாத்து மாதிரி இரட்டைக் கோடு இழுத்து நோட்டை மூடினேன்.

'பிரசவச் செலவு.'